வேன் க்ளீனரை நீக்கிவிட்டோம், இத்தோடு விடுங்கள் என்கிறது பள்ளி. விடலாமா?

கொடிமுல்லை | செவ்வாய், இரவு 11.42

மாடித்தோட்டப் பகுதியில் தக்காளி இலை ஏன் சுருள்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். இன்று வேறு ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. தனியார் பள்ளி, வேனில்தான் போய் வருவான். தீபாவளி லீவு முடிந்ததிலிருந்து வேன் வேண்டாம் என்று ஒரே அடம். வயிற்று வலி என்பான். அப்பாவைப் பைக்கில் கொண்டுபோய் விடச் சொல்லு என்பான். பையன்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அதட்டி ஏற்றியும் விட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அடிவயிறு கலங்குகிறது.

போன ஞாயிறு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி படுக்கையில் அவனுடைய அமுச்சியிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்லியிருக்கிறான். எங்கள் ஸ்டாப்தான் கடைசி. மற்ற பிள்ளைகள் இறங்கியதும் க்ளீனர் அவனை முன் சீட்டுக்குக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வாராம். தொடக்கூடாத இடத்தில் தொட்டிருக்கிறார். ஒருமுறை இல்லை. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனோம். பிரின்சிபால் மேடம் நன்றாகத்தான் பேசினார், தண்ணீர் கொடுத்தார். மதியமே போன் வந்தது. "அந்த ஆளை நீக்கிவிட்டோம். வேன் கான்ட்ராக்டரிடமும் சொல்லியாயிற்று. இனி கேட்டுக்குள் வர மாட்டார். போலீஸ் அது இது என்று போனால் பையன் பெயர்தான் கெடும், யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். என் வீட்டுக்காரரும் விட்டுவிடு என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார்.

பள்ளி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதா? நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 11.58

கொடிமுல்லை, உங்கள் பதிவில் ஊரும் பள்ளியின் பெயரும் இருந்த வரியை நீக்கியிருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், வீடு, பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்பது போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 23வது பிரிவு. ஆறாம் வகுப்பு, கடைசி ஸ்டாப், பள்ளியின் பெயர் மூன்றும் சேர்ந்தால் ஊரில் எல்லாருக்கும் பையன் யாரென்று தெரிந்துவிடும். மற்றவர்களும் தனிமடலில்கூடப் பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள்.

கரிசல்காடு | புதன், அதிகாலை 5.20

பெரிதுபடுத்தவில்லை தங்கச்சி. பையன் அமுச்சியிடமாவது வாயைத் திறந்தானே, அதுவே பெரிய விஷயம். அவனை அதட்டி ஏற்றியதை நினைத்து மருகாதீர்கள். இங்கே இருக்கிற எல்லா அப்பா அம்மாவும் ஒருநாளாவது செய்ததுதான் அது. சட்டம் தெரிந்தவர்கள் இனிமேல்தான் எழுந்து வருவார்கள். அதுவரை பையனைப் போட்டுத் துருவாதீர்கள்.

வழக்குக்கட்டு | புதன், காலை 7.05

மதுரைப் பக்கம் போக்சோ நீதிமன்றத்தில் வாதாடுகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. சட்டம் சொன்ன ஒரே ஒரு காரியத்தை விட்டுவிட்டு, தனக்கு வசதியானதைச் செய்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19வது பிரிவில் "எந்த ஒரு நபரும்" என்றுதான் இருக்கிறது. குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலும் சரி, காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் 21வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கான்ட்ராக்டர் வேன், நம் ஆள் இல்லை என்று பள்ளி வாதாடிப் பார்க்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே விஷயம் தெரிந்துவிட்டதே, 19வது பிரிவிலிருந்து எப்படித் தப்பிப்பார்கள்?

பையனுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பவில்லை. அதனால் நீங்கள் சொல்கிற செயல் 9வது பிரிவில் கடுமையான பாலியல் தாக்குதல் என்ற வகைக்குள் வரும். குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. இது "நீக்கிவிட்டோம்" என்று ஒரு போன் காலில் முடிகிற காரியம் இல்லை. இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் போக்சோ என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ஆண் பெண் பிரிக்கவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான்.

மெய்க்கீர்த்தி | புதன், காலை 8.31

பதினெட்டு வருடமாகத் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பையன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்த உடனே போலீஸ் என்றால் நாளைக்கு எந்த ஆண் ஆசிரியர் வகுப்புக்குள் போவார்? ஃபெயில் போட்டதற்குப் புகார், செல்போனைப் பிடுங்கியதற்குப் புகார் என்று வராதா? நானே இப்போது நன்றாகப் படித்த பையனைத் தட்டிக்கொடுப்பதில்லை, தூரத்தில் நின்று "குட்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். பள்ளி முதலில் தானே விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் போலீசுக்குப் போகட்டும். இதில் என்ன தப்பு?

பழைய சாக்பீஸ் | புதன், காலை 10.15

மெய்க்கீர்த்தி தம்பிக்கு.

முப்பத்து நான்கு வருட சர்வீஸ், அதில் பதினொரு வருடம் தலைமையாசிரியர். பள்ளி "விசாரிப்பது" எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பையனை அறைக்குக் கூப்பிடுவோம். நான் நாற்காலியில், உதவித் தலைமையாசிரியர் ஒரு பக்கம், பி.டி. மாஸ்டர் ஒரு பக்கம், கதவருகே பியூன். "பயப்படாமல் உண்மையைச் சொல்லுடா" என்போம். அந்த அறையில் அதுவரை அவன் நின்றதெல்லாம் அடி வாங்கத்தான். அவன் பாதி சொல்வான், பாதியை விழுங்குவான். நேற்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாயே என்போம். பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டு, "இப்படி ஒரு புகார், என்னப்பா?" என்போம். சாயங்காலத்துக்குள் அவன் செல்போனில் இருந்ததெல்லாம் போயிருக்கும், சாட்சி சொல்லக்கூடிய நாலு பேரையும் பார்த்துப் பேசியிருப்பான். மறுநாள் போலீஸ் வந்து என்ன எடுக்கும்?

இனி நான் வெட்கப்படுகிற ஒன்று. 1994. அப்போது நான் வேறொரு பள்ளியில் இளநிலை ஆசிரியர், தட்டச்சு தெரியும் என்பதால் அலுவலக வேலையும் என் தலையில். விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர்மேல் இரண்டு பையன்கள் சொன்னார்கள். நிர்வாகம் கூடிப் பேசியது. பள்ளிக்குக் கெட்ட பெயர் வேண்டாம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அவர் கேட்டார் என்று நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்தார்கள். டைப் அடித்தவன் நான். ஜூன் மாதம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியில் சேர்ந்துவிட்டார், அங்கேயும் விடுதிப் பொறுப்பு.

கொடிமுல்லை அம்மா, உங்கள் வேன் க்ளீனர் இப்போது எந்த வேனில் இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா?

கொடிமுல்லை | புதன், காலை 10.52

ஐயா, அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கை நடுங்குகிறது. இதை நான் யோசிக்கவே இல்லை.

தேம்ஸ் கரையிலிருந்து | புதன், மதியம் 1.40

லண்டனில் ஒரு தொடக்கப்பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். சாக்பீஸ் ஐயா சொன்ன கதைதான் இந்த நாட்டையும் ஒருநாள் உலுக்கியது.

2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிறிய ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒரு பள்ளியின் பராமரிப்பு வேலைக்காரன். இதற்கு முன்பு இருந்த ஊரில் அவன்மேல் பல புகார்கள் வந்திருக்கின்றன, எதிலும் தண்டனை இல்லை. புதிய ஊரில் பள்ளி வேலைக்குச் சேர்ந்தபோது பழைய ஊர்ப் போலீஸ் வைத்திருந்த தகவல் இங்கே வந்து சேரவே இல்லை. அதைப் பற்றி ஒரு விசாரணைக் குழு 2004இல் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சேருகிறவர்களைச் சரிபார்க்கும் முறையே அதற்கப்புறம் மாறியது. இப்போது சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் யாராக இருந்தாலும் அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் பிள்ளைகள் பக்கம் வர முடியாது.

எங்களுக்கு வருடா வருடம் பயிற்சி உண்டு. ஒரு குழந்தை ஏதாவது சொன்னால் நான் துருவிக் கேட்கக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யக் கூடாது. அது சொன்ன வார்த்தையை அப்படியே, நேரம் போட்டு எழுதி, பள்ளியில் அதற்கென்றே இருக்கிற பொறுப்பாளரிடம் அன்றைக்கே கொடுக்க வேண்டும். உண்மையா பொய்யா என்று நான் யோசிக்கவே வேண்டாம். முதல் வருடம் இது எனக்குக் கல்நெஞ்சு மாதிரி தோன்றியது. இப்போது நிம்மதியாக இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் பாரம் என் தலையில் இல்லை.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. அந்தச் சரிபார்ப்பில் எங்கேயாவது பதிவானதுதான் வரும். யாருமே பதிவு செய்யாமல் விட்ட ஆள், காகிதத்தில் சுத்தமாகத்தான் இருப்பான்.

வழக்குக்கட்டு | புதன், மதியம் 2.25

லண்டன் அக்கா சொன்ன கடைசி வரிதான் முடிச்சு. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் நம் ஊரிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகளோடு பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் எல்லாரையும் அவ்வப்போது போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும். எத்தனை பள்ளிகள் வேன் க்ளீனர் வரை செய்கின்றன என்று என்னைக் கேட்காதீர்கள். செய்கிற பள்ளி ஒன்று நாளைக்கு இந்த ஆளைச் சரிபார்த்தாலும் என்ன வரும்? எஃப்.ஐ.ஆர். இல்லை, வழக்கு இல்லை, "ஆட்சேபம் இல்லை" என்றுதான் வரும். உங்கள் பிரின்சிபால் அவரை நீக்கவில்லை அம்மா. அடுத்த பள்ளிக்கு அனுப்பிவைத்திருக்கிறார்.

மெய்க்கீர்த்திக்கு. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பொய்ப் புகார் வருவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவமானப்படுத்த வேண்டும், பணம் பறிக்க வேண்டும் என்று கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்கு 22வது பிரிவில் தண்டனை உண்டு. குழந்தைக்கு மட்டும் கிடையாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 19வது பிரிவிலேயே இருக்கிறது. ஆக, சொன்னதற்காக ஒரு தலைமையாசிரியர் உள்ளே போக வழியில்லை. சொல்லாததற்காகப் போவார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவியிடம் பாலியல் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட ஆளோடு, அதை மூடி மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரையும் கைது செய்தார்களே, மறந்துவிட்டதா? அதே மாதம் மகாராஷ்டிரத்தில் பத்லாபூர், பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகள்மேல் பாலியல் குற்றம். அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்பந்தத்தில் வந்த துப்புரவுப் பணியாளர். பள்ளியும் காவல் நிலையமும் இழுத்தடித்ததைப் பார்த்து, ஊரே ரயில் தண்டவாளத்தில் போய் நின்றது.

மெய்க்கீர்த்தி | புதன், மாலை 6.10

சாக்பீஸ் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறை எனக்கும் தெரியும். பி.டி. மாஸ்டர் இடத்தில் நானே நின்றிருக்கிறேன்.

ஆனால் எங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பி.எட்.டில் உளவியல் என்று ஒரு தாள் இருந்தது, பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய கதை படித்தோம். பள்ளியில் ஒரு வக்கீலைக் கூப்பிட்டு ஒரு மணிநேரம் போக்சோ பயிற்சி கொடுத்தார்கள். அதில் முக்கால் மணிநேரம் ஆசிரியர்கள் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என்றுதான் பேசினார். அப்புறம் சமோசா, குரூப் போட்டோ. எங்கள் பள்ளியில் ஒரு கமிட்டி இருக்கிறது, எல்லாப் புகாரும் அங்கேதான் போகும்.

வழக்குக்கட்டு | புதன், மாலை 6.48

அந்தக் கமிட்டி பணியிடத்தில் பெண் ஊழியர்களுக்காக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைத்த உள்ளகக் குழுவாக இருக்கும். குழந்தைகள்மேல் நடந்த பாலியல் குற்றத்தை அது விசாரித்து முடிக்க முடியாது. பல பள்ளிகள் தெரிந்தோ தெரியாமலோ இரண்டையும் குழப்பிக்கொண்டு, "கமிட்டியில் வைத்திருக்கிறோம்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகின்றன. யாராவது அப்படிச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் கேட்டாலே பேச்சு மாறும்.

தாமிரபரணிக்காரி | புதன், இரவு 8.03

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி வைத்தார்கள் இல்லையா, எங்கள் பள்ளியில் அதை முதலில் ஹெச்.எம். அறை வாசலிலேயே மாட்டினோம். இரண்டு மாதம் ஒரு துண்டுச் சீட்டு விழவில்லை. பிள்ளைகளுக்குக் குறையே இல்லை என்று சந்தோஷப்பட்டோம்! அப்புறம் ஓர் எட்டாம் வகுப்புப் பெண்தான், "டீச்சர், அங்க போட்டா யார் போட்டானு தெரிஞ்சிடுமே" என்றது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றினோம். அடுத்த வாரம் திறந்தால் பெட்டி நிறையச் சீட்டு. முட்டை சின்னதாக இருக்கிறது. கணக்கு சார் காதைத் திருகுகிறார். பெண்கள் கழிப்பறைக் கடைசிக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இன்ன பாட்டுக்கு ஆண்டு விழாவில் டான்ஸ் வேண்டும்.

தாழ்ப்பாள் நாற்பது ரூபாய். போட்டோம். அதற்கு அடுத்த மாதம்தான், எழுத்தை மாற்றி மாற்றி எழுதிய ஒரு சீட்டு வந்தது. என்னவென்று சொல்ல மாட்டேன், அது இப்போது வழக்கில் இருக்கிறது. ஆனால் என் மனதில் நிற்பது இதுதான்: தாழ்ப்பாள் போடாமல் இருந்திருந்தால் அந்தச் சீட்டு வந்திருக்காது. இவர்கள் கேட்பார்களா என்று பிள்ளைகள் சின்ன விஷயத்தில் வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள்.

காது திருகிய கணக்கு சாரும் திருகுவதை நிறுத்தினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

வரப்புமேடு | புதன், இரவு 9.17

காதைத் திருகுவதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள் டீச்சர். நாங்களெல்லாம் வாங்காத அடியா? அடியாத மாடு படியாது.

பழைய சாக்பீஸ் | புதன், இரவு 9.40

மாட்டைப் படிய வைக்கத்தான் அந்தப் பழமொழி, பிள்ளைக்கு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது, 2009லேயே. அது போகட்டும், சட்டத்துக்காகச் சொல்லவில்லை. பெரியவர் எவர் உன் உடம்பில் கை வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு நில் என்று ஐந்து வயதிலிருந்து பழக்கிவிட்டு, பதினொரு வயதில் ஒருவன் கை வைக்கும்போது மட்டும் கத்த வேண்டும் என்றால் பிள்ளை எப்படிக் கத்தும்? நானும் பிரம்பு வைத்திருந்தவன்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரிட்டயர் ஆக வேண்டியிருந்தது.

வரப்புமேடு | புதன், இரவு 9.44

சரி சார். யோசிக்கிறேன்.

நிழல்மரம் | புதன், இரவு 10.26

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு சேர்ந்து சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கொடிமுல்லை அக்கா, பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவன் அமுச்சியிடம் சொன்னது போதும். நீங்கள், அப்பா, சித்தப்பா, பிரின்சிபால் என்று ஆளாளுக்குத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அவன் அந்த வேனுக்குள் ஏறி இறங்குகிறான். அமுச்சி கேட்டதை, அவன் சொன்ன வார்த்தையிலேயே, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். முன் சீட்டு என்பது பையன்களுக்குப் பெரிய மரியாதை, இல்லையா? பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சலுகை, மிட்டாய், செல்போனில் கேம், நாம் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பிள்ளைக்கு அது அன்பு மாதிரிதான் தெரியும். அதனால்தான் குட் டச், பேட் டச் என்று போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது என்று நாங்கள் கத்திக்கொண்டிருக்கிறோம். தப்பு என்று தெரியும்போது தானும் அதில் பங்கு என்று குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. அவன்மேல் தப்பே இல்லை என்பதை ஒருமுறை தெளிவாக, அழாமல் சொல்லுங்கள். அப்புறம் சாப்பாடு, ஹோம்வொர்க், கிரிக்கெட் என்று வீடு பழையபடி நடக்கட்டும்.

நேரே அனைத்து மகளிர் காவல் நிலையம் போகலாம். தனியாகப் போகத் தயக்கம் என்றால் 1098க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 இருக்கிறது, அதிலும் சொல்லலாம். ஆனால் அது போலீசுக்குப் போவதற்கு மாற்று கிடையாது. நிலையத்துக்குப் பையனைக் கூட்டிப்போக வேண்டியதில்லை. வாக்குமூலம் வாங்க அவர்கள்தான் வீட்டுக்கோ நீங்கள் சொல்கிற இடத்துக்கோ வர வேண்டும். முடிந்தவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல். 24 மணிநேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரைக் கேளுங்கள், அந்தக் குழு ஏற்பாடு செய்யும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாம் இந்தப் புத்தகப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏதாவது ஒரு இடத்தில் யாராவது ஒருவர் உங்களை எரிச்சலூட்டுவார். ஒரு வருடத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். நான் பார்த்த வழக்குகள் பலவும் இழுத்தன. அதற்காகப் போகாமல் இருக்கவும் முடியாது.

பெயர் வேண்டாம் | வியாழன், அதிகாலை 2.11

இதற்காகவே புதுக் கணக்குத் தொடங்கினேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. எனக்கு அது டியூஷன் மாஸ்டர். வீட்டில் சொன்னேன். அப்பா டியூஷனை நிறுத்தினார், வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆள் எங்கள் தெருவில்தான் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார்.

அப்பா மேல் இன்றைக்கும் பாசம் இருக்கிறது. ஆனால் அந்த மொய்க் கவரை வாங்கி அவர் பைக்குள் வைத்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள் அக்கா.

கரிசல்காடு | வியாழன், அதிகாலை 5.31

தம்பி, படித்தேன். இங்கேதான் இருக்கிறோம்.

பனங்கருப்பட்டி | வியாழன், காலை 9.12

வேனைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது. அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. வருடா வருடம் மே மாதம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தரை, படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி எல்லாம் தட்டிப் பார்க்கிறார்கள். நல்லதுதான். நானே பள்ளி வேன் ஓட்டுகிறவன், என் வண்டியும் போய் நின்றிருக்கிறது. வண்டிக்குள் யார் ஏறுகிறார் என்பதை அந்த அளவுக்குத் தட்டிப் பார்ப்பதில்லை. திடீரென்று க்ளீனர் வராத நாளில் யாரையாவது மச்சான், மாமன் மகன் என்று ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் பெற்றோர் சங்கத்தில் பேசி, கடைசி ஸ்டாப்பில் இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து இறங்குகிற மாதிரி ரூட்டை மாற்றினோம். ஏழு நிமிடம் கூடுதல், டீசலும் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான்.

கொடிமுல்லை | சனி, இரவு 9.50

எல்லாருக்கும். இரண்டு நாள் எழுத முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்து, பெயர் வேண்டாம் தம்பி எழுதியதைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்த ஸ்டேஷன்?" என்றார்.

புகார் கொடுத்தோம். எழுத்தர் ஒருவர், பள்ளி மூலமாக வரலாமே என்று இழுத்தார். 19வது பிரிவு என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார் (வழக்குக்கட்டு அண்ணா, நன்றி). எஃப்.ஐ.ஆர். நகல் கொடுத்தார்கள். அன்று மாலை எஸ்.ஐ. மேடம் வீட்டுக்கு வந்தார், சுடிதாரில். பையன் அவரை அமுச்சி ஊர்ச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு தன் சைக்கிளைக் காட்டினான். அவரும் பார்த்தார், செயின் தொங்குவதைச் சொன்னார். அப்புறம்தான் பேசினார்கள். நான் உள்ளறையில் இருந்தேன்.

பள்ளி வாட்ஸப் குரூப்பில், பெயர் சொல்லாமல், "சிலர் பள்ளியின் மானத்தை வாங்குகிறார்கள்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்துவிட்டேன். ஆனால் நேற்று மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். ஒரு அம்மா. போன வருடம் அவர்கள் பையனும் அதே வேன், ஐந்தாம் வகுப்பு. அவனும் திடீரென்று வேன் வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்று கேட்காமலே பள்ளியை மாற்றியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் அழுதார். திங்கட்கிழமை அவர்களும் எஸ்.ஐ. மேடத்தைப் பார்க்கிறார்கள்.

க்ளீனரைப் பிடித்துவிட்டார்கள். புதன்கிழமையிலிருந்து இன்னொரு பள்ளி வேனில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். புதன்கிழமையே!

செவ்வாய்க்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் பையன் பேச வேண்டும் என்கிறார்கள். அவன் கேட்கிற ஒரே கேள்வி, அங்கே கேன்டீன் இருக்குமா என்பது. என்ன சொல்லட்டும்?

வழக்குக்கட்டு | சனி, இரவு 10.04

இருக்கும். பன்னும் டீயும் கிடைக்கும், பஜ்ஜி நம்பி வாங்க வேண்டாம். காலையிலேயே வரச் சொல்வார்கள், கூப்பிட மதியம் ஆகலாம். அவனுக்குப் பிடித்த ஒரு புத்தகமோ சீட்டுக்கட்டோ எடுத்துப் போங்கள். மாஜிஸ்திரேட்டிடம் பேசும்போது அவன் நம்புகிற ஒருவர் உடனிருக்கலாம், கேளுங்கள். நீங்களா அமுச்சியா என்பதை அவனே சொல்லட்டும்.

கொடிமுல்லை | சனி, இரவு 10.20

கேட்டேன். அமுச்சியாம்.